அண்ணி செட் மாத்திரை வாங்காத வருஷம்

மெடிக்கல் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காக்கி உறையை எங்கே பார்த்தாலும் எனக்கு என் அண்ணியின் கைப்பைதான் நினைவுக்கு வரும். டிபன் பாக்ஸ், ஐடி கார்டு, சீப்பு இவற்றுக்கு நடுவே அப்படி ஓர் உறை எப்போதும் இருக்கும். உள்ளே, அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கிய மாத்திரைகள். காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை, வயிறு எரியாமல் இருக்க ஒரு மஞ்சள், இரண்டு நிறத்தில் ஒரு கேப்சூல். நறுக்கிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ஓசூரில் நாங்கள் குடியிருந்த மூக்கண்டப்பள்ளியில் இதற்குச் 'செட்' என்று பெயர். கடையில் போய் நின்று "ஜுரத்துக்கு ஒரு செட்" என்றால் போதும், மேற்கொண்டு ஒரு கேள்வி வராது. டாக்டரைப் பார்ப்பதென்றால் லீவு போட வேண்டும். லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். செட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கம்பெனி பஸ் வருவதற்குள் வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டு ஏறிவிடலாம்.

நாங்கள் விருதுநகர் பக்கத்துக்காரர்கள். அண்ணன்தான் முதலில் ஓசூருக்கு வேலைக்கு வந்தான். அண்ணி காவேரிப்பட்டினம் பக்கம், மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து பழகி, இரண்டு வீட்டாரும் கொஞ்சம் முறைத்து, பிறகு சேர்ந்து நடத்திவைத்த கல்யாணம். படிப்பு முடிந்ததும் அண்ணன் என்னையும் வரவழைத்துக்கொண்டான். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வரிசை வீடுகளில் ஒன்று. அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கார அம்மாவோடு தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரோடு கன்னடம், எங்களோடு தமிழ் என்று மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசுவார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த வாய் கிடையாது. அவர் வந்த பிறகுதான் அண்ணன் சிரிக்கிற ஆளானான் என்று நான் சொல்வேன், அண்ணன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

அண்ணியும் நானும் வேலை பார்த்தது வண்டிகளுக்கு வயரிங் செய்கிற கம்பெனி. பெரிய போர்டுகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அவரவர் இடத்துக்குப் போர்டு வரும்போது அவரவர் வயரைச் செருகிக் கட்ட வேண்டும். இடத்தை விட்டு நகர வேண்டுமானால் கை தூக்க வேண்டும். ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். லைன் முழுக்க ஒரே ரிலீவர், அவரும் ஆண். எதற்கு என்று அவர் கேட்கமாட்டார். ஆனால் கை தூக்கினால் எதற்கென்று லைனுக்கே தெரியும். அதனால் பெண்கள் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலை டீயைத் தவிர, சாப்பாட்டு மணி அடிக்கிறவரை வாயில் ஒரு சொட்டு படாமல் பார்த்துக்கொள்வது. புதிதாக வருகிற பெண்ணுக்கு வயர் கட்டச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுப்போம். யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்பதில் எங்களுக்குள் ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையில் அண்ணிக்குத்தான் முதல் இடம்.

அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? வந்தது. வந்தால் இருக்கவே இருக்கிறது செட். கேப்சூல் இரண்டு போட்டதும் எரிச்சல் அடங்கும், மீதியைக் கைப்பையில் போட்டுவைப்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொண்டை வலி என்றால் அதிலிருந்து ஒன்று போகும். எனக்குப் பல் வலித்தபோது எனக்கும் ஒன்று வந்தது. சர்க்கரை டப்பாவைக் கடன் கொடுப்பது மாதிரி எங்கள் வரிசையில் கேப்சூல் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதில் எங்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. "நான் குடுக்கலன்னா பக்கத்து கடையில வாங்குவீங்க அக்கா" என்று ஒருமுறை சொன்னார், அதுவும் உண்மைதான். கொஞ்ச காலத்தில் நீர்க்கடுப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. இரண்டு கேப்சூலில் அடங்கியது நான்கில்தான் அடங்கியது. பிறகு வேறு நிறத்தில் கேப்சூல் கொடுத்தார்கள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

ஒரு கோடையில் அண்ணிக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகின் ஒரு பக்கம் தொடவிடாத வலி. செட் கேட்கவில்லை. இன்னொரு கடையில் வாங்கிய செட்டும் கேட்கவில்லை. வாந்தி எடுத்து எடுத்துக் கண் சொருகிப்போனவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். தருமபுரிக்காரர், முகத்தில் சிரிப்பு கொஞ்சம் சிக்கனமாகத்தான் வரும். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிவைத்தார். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கிற சோதனை அது. முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கொடுக்கிற எந்த மருந்துக்கும் அது அசையவில்லை, நரம்பில் ஏற்றுகிற பெரிய ஊசி ஒன்றுதான் மிச்சம் என்றார். அண்ணன், "இவ ஒடம்பு மாத்திரைக்குப் பழகிருச்சு டாக்டர்" என்றான். "பழகினது இவங்க உடம்பு இல்லப்பா, கிருமி" என்றார் டாக்டர். "அரைகுறையா மருந்து போட்டா, சாகிறது செத்துப் போகும். சாகாதது தங்கிப் பெருகும். நீங்க இத்தனை நாளா சாகாததையே சேர்த்து வச்சிருக்கீங்க."

ஊசி கேட்டது. நாள் தவறாமல் ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது, அண்ணி எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று அழுதேன், அவ்வளவு பயந்திருந்தேன். ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற அன்று அண்ணி டாக்டரிடம் கேட்டது வேறு. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வேலை நிரந்தரமாகட்டும் என்று அவர்களாகத் தள்ளிப்போட்டது பாதி, தங்காமல் போனது பாதி. "இனிமே நான் கொழந்த பெத்துக்கலாமாங்க?" என்று கேட்டார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கர்ப்பமாக இருக்கும்போது இது திரும்பி வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அப்போது கொடுக்கக்கூடிய மருந்துகளே கொஞ்சம், அதிலும் இவருக்குக் கேட்பது ஒன்றோ இரண்டோதான் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில் சொன்னார்: "ஒரு வருஷம் இது திரும்ப வராம இருங்க. அதுக்கப்புறம் தைரியமா பெத்துக்கலாம்." அண்ணி தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரு வருஷத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அண்ணன் தன் வழியில் இறங்கினான். அவன் ஷிப்ட்டில் ஒருவர் எதிர்ப்பு சக்திப் பவுடர் விற்றுக்கொண்டிருந்தார். கம்பெனியில் பாதிப் பேர் அவரிடம் ஏமாந்திருந்தார்கள், அண்ணனும் போய்ச் சேர்ந்தான். பெரிய டப்பா, மேலே சிங்கம் படம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினான், பாராட்டுவார் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூக்கம் இருக்கா இதுல?" என்றார். அண்ணன் டப்பாவை வாங்கி லேபிளைப் படிக்க ஆரம்பித்தான். "எதிர்ப்பு சக்தியை டப்பாவுல வாங்கி ஏத்த முடியாதுப்பா. இருக்கறதைக் குறைக்காம இருக்கலாம், அது நம்ம கையில இருக்கு. இவங்க தண்ணி குடிக்கறதில்ல, காலையில சாப்பிடறதில்ல, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கறதில்ல, ரத்தமும் கம்மி. முதல்ல இதையெல்லாம் சரி பண்ணுங்க" என்றார். அப்படியே இன்னொன்றும் சொன்னார். மருந்தே வேண்டாம் என்பதில்லை, தேவைப்படும்போது தாமே எழுதிக்கொடுப்பதாகவும், எழுதிக்கொடுத்தால் கடைசி மாத்திரைவரை போட வேண்டும் என்றும். கணவன் மனைவிக்கான சுத்தம் பற்றிச் சில விஷயங்களை அண்ணனையும் வைத்துக்கொண்டே சொன்னாராம். அதை அண்ணி சிரித்துச் சிரித்துத்தான் என்னிடம் சொன்னார். சிங்கம் போட்ட டப்பாவில் பிறகு கடலைப்பருப்பு கொட்டிவைத்தோம்.

கேட்பதற்கு எல்லாம் சுலபமாக இருக்கிறது. தண்ணீர் குடி, சாப்பிடு, தூங்கு. பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரியான விஷயங்கள். ஷிப்ட்டில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்த மூன்றைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை என்பதை அந்த வருஷத்தில்தான் நான் கண்ணால் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் கிளம்புகிற நாட்களில் டீயும் பிஸ்கட்டுமாக இருந்தது போய், அண்ணி ஊரிலிருந்து கேழ்வரகு மாவு வரவழைத்தார். முதல் நாளே கிண்டிவைத்த களியை மோரில் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அரிசிச் சோற்றுக்காரி நான், அந்தக் களியைப் பார்த்து முகம் சுளிப்பேன். "மூஞ்ச அப்படி வச்சிக்காத பாப்பா, ரெண்டு வாய் முழுங்கு" என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டுவார். கீரை, முட்டை, டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ஒழுங்காக உள்ளே போயின. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் துணி துவைப்பது, மாவு அரைப்பது என்று எதையும் தொடமாட்டார். ஜன்னலுக்கு ஒரு கறுப்புப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் குக்கர் விசில் கேட்டால் அண்ணன் ஓடிப்போய் அடுப்பை அணைப்பான். பக்கத்து வீட்டார் முதலில் கேலி செய்தார்கள், பிறகு அவர்களும் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

லைனில்தான் பெரிய சோதனை. ஷிப்ட்டுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கை தூக்கித்தானே ஆக வேண்டும். அண்ணி தூக்கினார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, டீக்கு முன்னால் ஒரு தடவை. இரண்டாவது வாரமே லைன் லீடர் வந்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை, ஆனால் மேலே மாட்டியிருக்கிற உற்பத்திப் பலகையைப் பார்த்தே அவருக்குக் கழுத்து வளைந்திருந்தது. "என்னம்மா, அடிக்கடி போறீங்களே" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கூனிக்குறுகிப் போயிருப்பேன். அண்ணி வயரைக் கட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆமாங்க சார், போறன். தண்ணி குடிக்காம இருந்துதான் கிட்னியில கிருமி ஏறி ஆஸ்பத்திரியில படுத்தன். இப்ப குடிக்கறன். குடிச்சா போயித்தான ஆவணும்." லைன் லீடர் முகம் சிவந்து போய்விட்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அந்த எரிச்சல் இருந்திருக்கிறது, எல்லாரும் அதே கேப்சூலைத்தான் விழுங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரிலீவருக்காகக் காத்திருக்காமல், பக்கத்தில் நிற்பவளே இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்வது என்று நாங்களாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். லைன் லீடர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

மழைக்காலத்தில் வந்தது வேறு ஒரு சிக்கல். ஓசூர் குளிரில் தெருவே இருமிக்கொண்டிருந்தபோது அண்ணிக்கும் தொண்டை கட்டி, காய்ச்சல் அடித்தது. வேலை முடிந்து வந்த அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே போனவன் கையில் காக்கி உறையோடு திரும்பி வந்தான். "இதப் போட்டுட்டுப் படு. காலையில சரியாப் போயிரும்" என்றான். அண்ணி வாங்கவில்லை. "டாக்டர் பாத்துட்டு போடச் சொன்னா போட்டுக்கறங்க. நீங்களா குடுத்தா வேணாம்" என்றார். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று கத்தினான். போன தடவை இப்படித்தான் காய்ச்சலில் ஆரம்பித்தது, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தது யார், ஒனக்கு ஏதாவது ஆனால் நான் என்ன பண்ணுவேன் என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அண்ணி எழுந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதாங்க வேணாங்கறன்" என்றார். எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. அண்ணன் பயத்திலும் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனார்கள். ஊரெல்லாம் அடிக்கிற வைரஸ் காய்ச்சல், இதற்குக் கேப்சூலால் ஒரு பயனும் இல்லை, காய்ச்சல் மாத்திரையும் ஓய்வும் போதும் என்று அனுப்பிவிட்டார் டாக்டர். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே வரச் சொன்னார். காய்ச்சல் தானாக வடிந்தது. அட்டெண்டன்ஸ் போனஸ் போனது. அந்த மாதம் போனஸ் பட்டியல் ஒட்டிய இடத்தைத் தாண்டிப் போகும்போது அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான்தான் பொருமிக்கொண்டு போனேன்.

இப்போது நான் அதே கம்பெனியில் இன்னொரு லைனுக்கு லீடர். மெடிக்கல் கடைகளில் சிலவற்றில், சீட்டு இல்லாமல் ஆண்டிபயாட்டிக் தரமாட்டோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய காகிதத்துக்குக் கீழேயே செட்டும் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர் குடிக்காத பெண்கள் இன்றும் வருகிறார்கள், இப்போது வேறு மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு என் தமிழ் புரியாது, எனக்கு அவர்கள் பாஷை வராது. டம்ளரைக் காட்டி, வாயைக் காட்டி, கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டுவேன். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அண்ணி மாதிரி சத்தமாகச் சொல்ல இன்னும் வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்ன அந்த ஒரு வருஷம் முடிந்தது. கிருமி திரும்பவில்லை. டாக்டர் சரி என்றார், இரண்டாவது மாதமே அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது. அதற்கப்புறம்தான் உண்மையான பயம். மாதா மாதம் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வருகிறவரை மூன்று பேரும் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுவோம். அண்ணி மட்டும், "வந்தா பாத்துக்கலாம், வராம இருக்கறதுக்கு நான் பண்ண வேண்டியத பண்ணிட்டன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொள்வார். குடித்து முடித்ததும், முடிவு வந்துவிட்டதா என்று அண்ணனின் போனை எடுத்துப் பார்ப்பார், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் போன இடத்தில் குழந்தை குறுக்கே இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கிருமி தொற்றாமல் இருக்க எல்லாத் தாய்மாருக்கும் ஒரு ஊசி போடுவது வழக்கமாம். ஊசி என்ற வார்த்தையைக் கேட்டதும், வழக்கமான மருந்து அண்ணிக்குக் கேட்காதே என்று அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெரிய ஊசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவன் முன்பே விசாரித்து வைத்திருந்தான். எங்கள் தருமபுரி டாக்டர் வெளியே வந்ததும், "நான் ஓடிப் போய் அத வாங்கிட்டு வந்துரவா டாக்டர்?" என்று கேட்டான். டாக்டருக்கு அவன் எதைச் சொல்கிறான் என்பது புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தார். "அதெல்லாம் எதுக்குப்பா? கடைசியா எடுத்த கல்ச்சர்ல ஒரு கிருமியும் வளரல. எல்லாருக்கும் போடற ஊசிதான் இவங்களுக்கும்."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணிக்கு அது கேட்டுவிட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்து, "கேட்டியா பாப்பா?" என்றார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அண்ணியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதான். இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது, தையலும் சீழ் வைக்காமல் ஆறியது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் பிறந்த கதையை யார் கேட்டாலும் அண்ணி இன்றைக்கும் குழந்தையின் எடையிலிருந்தோ நட்சத்திரத்திலிருந்தோ தொடங்குவதில்லை. "எல்லாருக்கும் போடற ஊசியத்தான் எனக்கும் போட்டாங்க" என்றுதான் தொடங்குவார்.